முதுகு ஊசியால் நரம்பு பாதிக்குமா?

அறுவை சிகிச்சை மூலம் பிள்ளைப்பேறு, முழங்கால் மூட்டு மாற்றம் போன்றவற்றுக்கு, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது இன்று வழக்கம். ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர் 1898ல் தொடங்கிவைத்த முறை இது. ஆனாலும், "ஊசி தண்டுவடத்தில் குத்தி, கால் விளங்காமல் போய்விடுமோ?" என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீள்வதில்லை. பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடும். அதற்கும் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. அங்கே நரம்பு வேர்கள் குதிரைவால் போலத் திரவத்தில் மிதக்கின்றன. ஊசி முனை பட்டாலும் அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும்.

பிரிட்டனில் 700,000க்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளை ஆராய்ந்த அறிக்கை 2009ல் வெளியானது. நிரந்தரப் பாதிப்பு, 100,000 பேரில் சுமார் 2 முதல் 4 பேருக்கே ஏற்பட்டதாக அது மதிப்பிட்டது.

அரிதாக நேரும் ஆபத்துகளில் அவசரமானது இரத்தக்கட்டு. முதுகெலும்புக்குள் இரத்தம் கசிந்தால், அது விரிய இடமில்லை. நரம்பை அழுத்தி, அதற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அறிகுறி தோன்றி 8 மணி நேரத்துக்குள் கட்டியை அகற்றினால் கால் மீளும் வாய்ப்பு அதிகம். தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வலியில்லாமல் மரத்தே இருப்பதால், "மருந்து இன்னும் இறங்கவில்லை போலும்" என்று நோயாளி சும்மா இருந்துவிடுவதுதான் சிக்கல்.

ஆகவே, மூன்றை நினைவில் வையுங்கள்.

ஒன்று: வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட்டால், மயக்க மருந்து நிபுணரிடம் முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு: ஊசி போடும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் காலில் வலி ஓடினால், பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். ஊசியின் இடத்தை அவர் மாற்றிக்கொள்வார்.

மூன்று: மருந்து செலுத்தி 4 மணி நேரம் ஆனதும், முழங்காலை மடக்காமல் காலைப் படுக்கையிலிருந்து தூக்கிப் பாருங்கள். முடியாவிட்டாலோ, மீண்ட கால் மறுபடி மரத்தாலோ, முதுகு கடுமையாக வலித்தாலோ உடனே தாதியை அழையுங்கள். நள்ளிரவானாலும் தயங்க வேண்டாம். பெரும்பாலும் அது பயப்படும்படியான ஒன்றாக இருக்காது. ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.