பழைய கார்டா, புதிய சிப்பா?

குறைந்த பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆட இரண்டு வழிகள். எதை எடுப்பது என்பது கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டெல்லி நேரு பிளேஸில் சனிக்கிழமை மாலை என்றால் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகன், பக்கத்தில் அப்பா. மகன் கையில் உதிரி பாகங்களின் பட்டியல். அப்பாவின் பையில் 30,000 ரூபாய். கம்ப்யூட்டர் படிப்புக்கு என்பது வீட்டில் ஏற்பட்ட ஒப்பந்தம். படித்து முடித்த பிறகு அதில் என்ன ஓடும் என்பதுதான் மகனின் கவலை. பட்டியலைப் பார்க்கும் கடைக்காரர் 'கிராஃபிக்ஸ் கார்டு' என்ற வரியில் விரலை வைத்து உதட்டைப் பிதுக்குகிறார். பணம் போதாது. புதிய கார்டு வேண்டாம் என்கிறார். ஒன்று, கிராஃபிக்ஸை உள்ளேயே கொண்ட பிராசஸரை வாங்கலாம். அல்லது, யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பழைய கார்டைப் போட்டுக்கொள்ளலாம்.

மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவின் சாந்தினி மார்க்கெட், சென்னையின் ரிச்சி தெரு என்று எங்கு போனாலும் இதே பேரம்தான். பல குடும்பங்களில் கம்ப்யூட்டர் நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கும் பொருள். தவறினால் உடனே மாற்ற முடியாது.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்த கிராஃபிக்ஸ், கணக்கு எழுதவும் சினிமா பார்க்கவும்தான் உதவியது. விளையாட்டுப் பிரியர்கள் அதை ஏளனமாகப் பார்த்தார்கள். ஏ.டி.ஐ. என்ற கிராஃபிக்ஸ் நிறுவனத்தை 2006இல் ஏ.எம்.டி. வாங்கியபோது காட்சி மாறத் தொடங்கியது. 2011இல் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கான பிராசஸரையும் கிராஃபிக்ஸையும் ஒரே சிப்பில் வைத்துவிட்டன. 2018இல் வந்த ரைசன் 5 2400ஜி, 2021இல் கடைக்கு வந்த ரைசன் 5 5600ஜி ஆகியவை இந்த வரிசையில் புகழ்பெற்றவை. அமைப்புகளைக் குறைத்து வைத்தால் வேலரன்ட், டோட்டா 2, ஜி.டி.ஏ. 5 எல்லாம் 5600ஜியில் தாராளமாக ஆடலாம்.

எதிர் அணியில் நிற்பவை பழைய போர்க்குதிரைகள். 2016இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2017இல் வந்த ஏ.எம்.டி. ஆர்எக்ஸ் 580, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650. வயதானாலும் வலுவில் குறைவில்லை. இவற்றில் இளைத்ததான 1050 டிஐகூட 5600ஜியைத் தெளிவாக முந்துகிறது. ஆர்எக்ஸ் 580 இரண்டு மடங்குக்கு மேல் வேகம் காட்டுகிறது.

குழாயின் அகலம்

ஏழெட்டு வயதான கார்டு புதிய சிப்பை எப்படி வெல்கிறது? விடை, நினைவகத்தில் இருக்கிறது. திரையில் ஒவ்வொரு படத்தையும் வரைய, கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தகவல் ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். கார்டில் அதற்கென்றே தனி நினைவகம் உண்டு. 1050 டிஐயில் வினாடிக்கு 112 ஜிகாபைட் பாய்கிறது. 8 ஜிகாபைட் ஆர்எக்ஸ் 580இல் 256. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனிக் கிணறு கிடையாது. பிராசஸர் குடிக்கும் அதே ராமில்தான் அதுவும் குடிக்க வேண்டும். டிடிஆர்4-3200 ராம் ஒற்றையாகச் செருகப்பட்டிருந்தால் கிடைப்பது 25.6 ஜிகாபைட். இரட்டையாகச் செருகினால் 51.2.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் 16 ஜிகாபைட்டுக்கு ஒரே ராமை வாங்கிவிடுகிறார்கள். குழாயின் அகலம் பாதியாகிவிடுகிறது. விளையாட்டு திக்கித் திணறுகிறது. பழி சிப்பின் மேல் விழுகிறது. அதே 16 ஜிகாபைட்டை இரண்டு 8ஆக வாங்கினால் அதிகப் பணம் இல்லாமலே நல்ல முன்னேற்றம் கிடைக்கும். மொத்தமே 8 ஜிகாபைட் என்றால் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிய பிறகு மற்ற வேலைகளுக்கு மிஞ்சுவது சொற்பம்.

2024 ஜனவரியில் வந்த ரைசன் 7 8700ஜி இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தது. டிடிஆர்5-6000 ராம் இரட்டையாக இருந்தால் வினாடிக்கு 96 ஜிகாபைட். வேகத்தில் அது 1050 டிஐயை எட்டி, சில விளையாட்டுகளில் 1650ஐ நெருங்குகிறது. ஆனால் அறிமுக விலையே 329 டாலர். போதாக்குறைக்கு, 2025இன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் ராம் விலை கடுமையாக ஏறியது. ராமை நம்பி வாழும் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு இது நேரடி அடி.

கார்டின் பூர்வீகம்

அப்படியானால் பழைய கார்டே மேல் என்று தோன்றும். ஆனால் அதன் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் ஈத்தர் நாணயச் சுரங்கங்களின் செல்லப் பிள்ளைகள். இரவும் பகலும் சூட்டில் உழைத்தவை. 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தத் தொழில் ஒரே நாளில் படுத்தது. கார்டுகள் கூட்டம் கூட்டமாகப் பழைய சந்தைக்கு வந்தன. விசிறி தேய்ந்தவை, உள்ளிருக்கும் பயாஸ் மாற்றப்பட்டவை எல்லாம் அவற்றில் உண்டு. துடைத்துப் பெட்டியில் வைத்தால் வேறுபாடு தெரியாது. பில்லும் இல்லை, வாரண்டியும் இல்லை.

பெயரிலும் குழப்பம். ஆர்எக்ஸ் 580 என்றால் 2,304 கணக்கீட்டு அலகுகள் இருக்க வேண்டும். 2018இல் சீனச் சந்தைக்கென வந்த ஒரு வகையில் 2,048தான். அதுவும் 580 என்றே விற்கிறது. இன்னும் மோசமானது, பழைய சிப்பின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று தலையில் கட்டுவது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். அதைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. கூடவே அரை மணி நேரம் ஒரு விளையாட்டையும் ஓட்டிப் பார்த்தால் சூடும் சத்தமும் தெரிந்துவிடும்.

மின்சாரமும் கணக்கில் வர வேண்டும். ஆர்எக்ஸ் 580 முழு மூச்சில் 185 வாட் கேட்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் மலிவு எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. நல்லதாக வாங்கினால் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். 1050 டிஐக்கு 75 வாட் போதும். தனி மின் இணைப்பு இல்லாத வகைகள் மதர்போர்டிலிருந்தே அதை எடுத்துக்கொள்கின்றன.

ஆயுளும் முடிந்துகொண்டிருக்கிறது. 1050 டிஐ உள்ளிட்ட பாஸ்கல் வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வசதியுள்ள சிப்பைக் கட்டாயம் கேட்கின்றன. பழைய மூன்று கார்டுகளிலும் அது இல்லை. 5600ஜியிலும் இல்லை. 8700ஜியில் இருக்கிறது.

யாருக்கு எது?

வீட்டில் ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? அலுவலகங்கள் கழித்துவிட்ட, நாலாம் தலைமுறை ஐ5 கொண்ட மேஜைக் கம்ப்யூட்டர்கள் சந்தையில் ஏராளம். இவற்றின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் விளையாட்டுக்கு லாயக்கில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சிறியது. இங்கே மின் இணைப்பு கேட்காத 1050 டிஐ அல்லது 1650தான் சரியான மருந்து. குட்டிக் கேபினெட் என்றால் உயரம் குறைந்த கார்டாகப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தத் தலைமுறை பிராசஸர்கள் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை என்பதையும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததையும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவர்களுக்குச் சிப்பே பாதுகாப்பு. வாரண்டி உண்டு. மதர்போர்டில் கார்டுக்கான இடம் காலியாக இருக்கும். பிறகு பணம் சேர்ந்தால் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் மிச்சம் பிடிக்க, இன்டெல் ஐ3-12100எஃப் போல 'எஃப்' என்று முடியும் பிராசஸரைக் கடைக்காரர் நீட்டினால் எச்சரிக்கை தேவை. அதில் கிராஃபிக்ஸே கிடையாது. கார்டு பழுதானால் திரை இருண்டுவிடும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி என்று கடைகள் காட்டும் மலிவுக் கார்டுகளைத் தவிர்ப்பது நல்லது. 2014இல் வந்த ஜிடி 730 ஓர் உதாரணம். அதன் 64-பிட் டிடிஆர்3 வகையில் வினாடிக்குப் பாய்வது 14.4 ஜிகாபைட். ஒற்றை டிடிஆர்4 ராமைவிடக் குறைவு. பெட்டி புதிது என்பதைத் தவிர அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நேரு பிளேஸில் பேரம் இன்னும் நடக்கிறது. மகனின் மனம் ஆர்எக்ஸ் 580இல் இருக்கிறது. வேகம்தான் கணக்கென்றால் அவன் சொல்வது சரி. ஆனால் ஆறு மாதத்தில் அந்தக் கார்டு உயிரை விட்டால், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பிராஜெக்ட்டும் கறுத்த திரைக்குள் மாட்டிக்கொள்ளும். 30,000 ரூபாய் கொண்டுவந்த அப்பாவுக்கு விளையாட்டு புரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்தான். கார்டைக் கழற்றினால் கம்ப்யூட்டர் ஓடுமா? ராம் ஒன்றா, இரண்டா?