நிண்டெண்டோ வீ கன்சோல் மீதான விமர்சனங்கள்

வீ என்பது ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட வீடியோ கேம் கன்சோல் ஆகும். 10 கோடிக்கும் மேல் விற்ற இக்கருவி, தன் தலைமுறைக் கன்சோல்களில் மிக அதிகமாக விற்பனையானது. அதே தலைமுறையில் மிக அதிகமாகக் கேலி செய்யப்பட்டதும் இதுவே. "பழைய வன்பொருளுக்குப் புதுப் பெட்டி", "சிறுவர் பொம்மை", "கையை ஆட்டினால் போதும், திறமை வேண்டாம்" என்பவை அக்காலத்தில் அடிக்கடி கேட்ட குறைகள். இவற்றில் சில நியாயமானவை. சில தவறான அளவுகோலில் எழுந்தவை. சில குறைகள் முதலில் சிறியவையாகத் தோன்றி, பல ஆண்டுகள் கழித்தே தம் முழு அளவைக் காட்டின. முக்கியமான விமர்சனங்களையும் அவற்றுக்கான மறுமொழிகளையும் இக்கட்டுரை ஒவ்வொன்றாக ஆராய்கிறது.

பின்னணி

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை 2005 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தது. இவ்விரண்டும் உயர் தெளிவுப் படங்களைக் காட்டக்கூடிய, வலிமை மிக்க கருவிகள். அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 3 இன் தொடக்க விலை 499 டாலர் அல்லது 599 டாலர். எக்ஸ்பாக்ஸ் 360 இன் விலை 299 டாலர் அல்லது 399 டாலர்.

வீ கன்சோல் 2006 நவம்பர் 19 அன்று வட அமெரிக்காவிலும், டிசம்பர் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளியானது. அமெரிக்காவில் அதன் விலை 249.99 டாலர். ஜப்பான் தவிர்த்த பெரும்பாலான நாடுகளில் "வீ ஸ்போர்ட்ஸ்" என்ற கேம் கருவியுடன் இலவசமாகவே கிடைத்தது. தொலைக்காட்சி ரிமோட்டைப் போன்ற கட்டுப்படுத்தியைக் கையில் பிடித்து வீசினால், திரையில் டென்னிஸ் மட்டை வீசும். இந்த எளிமையே வீயின் அடையாளம். அதைச் சுற்றியே பெரும்பாலான விமர்சனங்களும் எழுந்தன.

வலிமை குறைந்த வன்பொருள்

முதல் நாளிலிருந்தே எழுந்த, மிக உரத்த விமர்சனம் இது. வீயின் மையச் செயலி 729 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான கேம்கியூபின் செயலி வேகம் 485 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செயலிகள். வீயின் மொத்த நினைவகம் 88 மெகாபைட். போட்டிக் கருவிகளில் 512 மெகாபைட் இருந்தது. படத் தெளிவும் 480 வரிகளைத் தாண்டவில்லை. எச்.டி.எம்.ஐ. இணைப்பு இல்லை. 480 வரித் தெளிவைப் பெறவும் தனியாக ஒரு கம்பி வாங்க வேண்டியிருந்தது.

இந்த விமர்சனத்தின் தகவல்கள் அனைத்தும் சரி. ஆனால் வலிமைக் குறைவு திட்டமிட்ட முடிவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், முதிர்ந்து விலை குறைந்த தொழில்நுட்பத்துக்குப் புதிய பயன் காண்பது நிண்டெண்டோவின் பழைய வழிமுறை. அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய் 1980களில் இதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். 1989 இல் வந்த கேம் பாய் கருவியின் வண்ணமற்ற திரை அதற்குச் சான்று. வண்ணத் திரையுடன் வந்த போட்டிக் கருவிகளைவிட அது விலை குறைவு. அதன் பேட்டரியும் அதிக நேரம் நின்றது.

வீயும் அதே வழியில் சென்றது. 2006 இல் பெரும்பாலான வீடுகளில் உயர் தெளிவுத் தொலைக்காட்சி இல்லை. குறைந்த வன்பொருள் என்பதால் கருவி சிறியதாகவும், குறைந்த மின்சாரத்தில் இயங்குவதாகவும், விலை மலிவாகவும் அமைந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 இல் பரவலாக ஏற்பட்ட வன்பொருள் பழுதுகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் உத்தரவாதக் காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டி வந்தது. வலிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஆயினும் இந்த மறுமொழி பாதி உண்மையே. வன்பொருள் இடைவெளி படத்தின் அழகை மட்டும் பாதிக்கவில்லை. பிற நிறுவனங்கள் எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் ஒரே கேமை உருவாக்க முடிந்தது. அதே கேமை வீயில் ஓட்ட வேண்டுமானால் ஏறக்குறைய புதிதாகவே எழுத வேண்டும். ஆகவே "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4", "பயோஷாக்" போன்ற அக்காலத்தின் பெரிய கேம்கள் வீக்கு வரவே இல்லை. உயர் தெளிவுத் தொலைக்காட்சிகள் மலிவாகிப் பரவியதும் வீயின் படம் மங்கலாகத் தெரியத் தொடங்கியது. தொடக்கத்தில் சரியாக இருந்த கணக்கு, நான்கைந்து ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டது.

அசைவுக் கட்டுப்பாட்டின் துல்லியம்

இரண்டாவது விமர்சனம், கட்டுப்படுத்தி கையின் அசைவை உண்மையில் பின்தொடரவில்லை என்பது. இதைப் புரிந்துகொள்ள அது இயங்கும் விதத்தை அறிய வேண்டும்.

வீ ரிமோட்டில் இரண்டு உணரிகள் இருந்தன. ஒன்று முடுக்கமானி. இது கட்டுப்படுத்தியின் வேகம் எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கும். மற்றொன்று முன்முனையில் உள்ள அகச்சிவப்புக் கேமரா. தொலைக்காட்சியின் மேலோ கீழோ வைக்கப்படும் பட்டையின் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. கேமரா அவ்விரு ஒளிப்புள்ளிகளையும் பார்த்து, ரிமோட் திரையில் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்பதைக் கணக்கிடும். "உணரிப் பட்டை" என்று அழைக்கப்பட்டாலும் அந்தப் பட்டையில் உணரி எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் ரிமோட் வேலை செய்யும்.

இந்த அமைப்பு திரையைச் சுட்டுவதில் துல்லியமாக இருந்தது. ஆனால் ரிமோட் திரையை நோக்கி இல்லாத நேரத்தில் அது எப்படித் திரும்பியிருக்கிறது என்பதை முடுக்கமானியால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. விளைவாக, பல கேம்களில் முழு வீச்சும் சிறு உதறலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்பட்டன. வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி மணிக்கட்டை மட்டும் அசைத்தே ஆடிவிடலாம். "தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ட்வைலைட் பிரின்சஸ்" கேமின் வாள்வீச்சும், ஒரு பொத்தானை அழுத்துவதற்குப் பதில் ரிமோட்டை உதறுவது என்ற அளவிலேயே இருந்தது.

இந்த விமர்சனத்தை நிண்டெண்டோ மறைமுகமாக ஏற்றுக்கொண்டது என்றே சொல்லலாம். 2009 இல் "மோஷன் பிளஸ்" என்ற துணைக்கருவி வந்தது. அதிலிருந்த சுழலுணரி, ரிமோட்டின் திருப்பத்தை நேரடியாக அளந்தது. 2011 இல் வெளியான "ஸ்கைவார்ட் ஸ்வார்ட்" கேமில் எந்தத் திசையில் கையை வீசுகிறோமோ அந்தத் திசையிலேயே வாள் வெட்டியது. முதலில் அளித்த வாக்குறுதி ஐந்து ஆண்டுகள் கழித்தே முழுமையாக நிறைவேறியது. அதற்கும் பயனர்கள் கூடுதல் கருவி வாங்க வேண்டியிருந்தது.

கைப்பட்டையும் காயங்களும்

கன்சோல் வெளியான சில வாரங்களிலேயே, வீசும் வேகத்தில் ரிமோட் கைநழுவிப் பறந்து தொலைக்காட்சியை உடைத்த செய்திகள் வந்தன. மணிக்கட்டில் மாட்டும் பட்டையின் மெல்லிய கயிறு அறுந்ததே காரணம். 2006 டிசம்பரில் சுமார் 32 லட்சம் பட்டைகளை இலவசமாக மாற்றித் தருவதாக நிண்டெண்டோ அறிவித்தது. அடுத்த ஆண்டு ரிமோட்டுக்கு மென்மையான சிலிக்கோன் உறையும் இலவசமாக வழங்கியது.

உடல் வலி பற்றிய புகார்களும் எழுந்தன. 2007 இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதம், பல மணி நேரம் வீ டென்னிஸ் ஆடியவருக்கு ஏற்பட்ட தோள்வலியை விவரித்து, அதற்குக் கருவியின் பெயரையே நோய்ப்பெயராகச் சூட்டியது. உண்மையான டென்னிஸில் உடல் களைத்து ஆட்டம் நின்றுவிடும். எடையற்ற ரிமோட்டில் அந்த இயல்பான தடை இல்லாததால், பயிற்சியற்றவர்கள் அளவு மீறி ஆடிவிடுகிறார்கள். இதே எளிமை வேறிடத்தில் நன்மையாகவும் அமைந்தது. முதியோர் இல்லங்களிலும் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுகளிலும் உடலியக்கப் பயிற்சிக்கு வீ பயன்படுத்தப்பட்டது.

உடலைப் பற்றிய மற்றொரு விமர்சனம் "வீ ஃபிட்" கேமைச் சார்ந்தது. அது உயரத்தையும் எடையையும் கொண்டு உடல் நிறை குறியீட்டைக் கணக்கிட்டு, பயனரை "அதிக எடை" போன்ற வகைகளில் சேர்த்தது. வளரும் பிள்ளைகளுக்கு இக்குறியீட்டை வயதும் பாலினமும் கருதியே மதிப்பிட வேண்டும். நலமாக உள்ள ஒரு குழந்தையிடம் அது குண்டு என்று திரையே அறிவிப்பது மனத்தைப் புண்படுத்தும் என்ற எதிர்ப்பு நியாயமானது. கேலி வார்த்தைகளை விளையாட்டாகக் கடந்துவிடும் பெரியவர்களைப் போலக் குழந்தைகளால் கடக்க முடிவதில்லை.

"சிறுவர் பொம்மை" என்ற குற்றச்சாட்டு

வீ தீவிர ஆட்டக்காரர்களுக்கு உரியதல்ல என்ற கருத்து பரவலாக இருந்தது. "சூப்பர் மாரியோ கேலக்சி", "மெட்ராய்டு பிரைம் 3", "ஸீனோபிளேடு கிரானிகல்ஸ்" போன்ற ஆழமான கேம்கள் இக்கருத்தை மறுக்கின்றன. குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் ஆடுவதால் ஒரு கேமின் தரம் குறைவதில்லை. இதுவரை கட்டுப்படுத்தியைத் தொடாதவர்களை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது குறையல்ல, சாதனை.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டுக்குள் ஒரு சரியான கூறும் உண்டு. வீ பெருமளவில் விற்றதால், அவசரமாகச் செய்யப்பட்ட மலிவான கேம்கள் கடைகளில் குவிந்தன. எந்தக் கேம் நல்லது என்று அறியாத புதிய வாங்குபவர்களே இவற்றில் அதிகம் ஏமாந்தனர். யாரை வரவேற்க வீ உருவாக்கப்பட்டதோ, அவர்களே தரக்குறைவான கேம்களின் சுமையைத் தாங்கினர்.

இணையமும் சேமிப்பிடமும்

தொடக்கத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டு, பின்னாளில் மிகப் பெரிதான விமர்சனம் இது. வீயின் உள்சேமிப்பு 512 மெகாபைட் மட்டுமே. வாங்கிய கேம்களை நினைவக அட்டையிலிருந்து நேரடியாக இயக்கும் வசதி 2009 மார்ச்சில்தான் வந்தது. நண்பர்களுடன் இணைய, கருவிக்கு 16 இலக்க எண்ணையும், தனித்தனிக் கேம்களுக்கு 12 இலக்க எண்களையும் பரிமாறிக்கொள்ள வேண்டும். அந்நியர்களிடமிருந்து குழந்தைகளைக் காக்கும் ஏற்பாடு இது என்ற விளக்கம் ஏற்கத்தக்கது. ஆனால் தெரிந்தவர்களுடன் ஆடுவதையும் இது கடினமாக்கியது.

இதைவிடத் தீவிரமானது உரிமை பற்றிய சிக்கல். வீ கடையில் பணம் கொடுத்து வாங்கிய கேம்கள் பயனரின் கணக்குடன் அல்ல, அந்த ஒரு கருவியுடன் பிணைக்கப்பட்டிருந்தன. 2014 மே 20 அன்று நிண்டெண்டோவின் இணைய ஆட்டச் சேவை நிறுத்தப்பட்டது. 2019 ஜனவரி 30 அன்று வீ கடை மூடப்பட்டது. அந்தக் கடையில் மட்டுமே வெளியாகி, வேறெங்கும் மறுவெளியீடு காணாத கேம்களை இன்று நேர்மையான வழியில் புதிதாக வாங்க இயலாது. வட்டில் வந்த மங்கலான கேம் இன்றும் ஓடுகிறது. கடையில் வாங்கிய கேமின் ஆயுளோ அந்தப் பெட்டியின் ஆயுளுடன் முடிகிறது.

விற்பனை எண் மறுமொழி ஆகுமா?

வீயை ஆதரிப்போர் பெரும்பாலும் விற்பனை எண்ணையே காட்டுவர். வீ சுமார் 10.16 கோடி விற்றது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவை தலா 8 கோடிக்கு மேல் விற்றன. ஆனால் ஒரு பொருள் நன்கு விற்றது என்பது, அதை வாங்கும் அளவுக்கு மக்களுக்குப் பிடித்தது என்பதை மட்டுமே நிறுவும். அறுந்த கைப்பட்டைக்கோ மூடிய கடைக்கோ அது பதில் ஆகாது.

அந்த வாங்குபவர்கள் நிலைக்கவும் இல்லை. 2012 இல் வந்த அடுத்த கன்சோலான வீ யூ சுமார் 1.36 கோடி மட்டுமே விற்றது. மறுபுறம், 2017 இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், போட்டியாளர்களைவிட வலிமை குறைந்த கருவியாக இருந்தும் 15 கோடிக்கு மேல் விற்றது. வலிமையின்மை ஒரு கன்சோலை வீழ்த்தும் என்பதும் உண்மையல்ல, காக்கும் என்பதும் உண்மையல்ல.

மதிப்பீடு

வீ மீதான விமர்சனங்களைச் சீர்தூக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகிறது. கருவி எதைச் செய்ய முன்வரவில்லையோ அதைக் குறையாகக் கூறியவை ஒருவகை. உயர் தெளிவுப் படம் இல்லை, தீவிர ஆட்டக்காரர்களுக்கானதல்ல என்பவை இவ்வகை. இவை வாங்குபவர் தம் தேவையை அறிந்து தேர்வு செய்ய உதவும். கருவி எதைச் செய்வதாகச் சொல்லியதோ அதில் தவறியதைச் சுட்டியவை மற்றொரு வகை; துல்லியமற்ற அசைவுணர்வு, அறுந்த பட்டை, கருவியுடன் முடிந்துபோகும் உரிமை ஆகியவை இதில் அடங்கும். அன்று முதல்வகையே அதிகம் ஒலித்தது. ஆனால் பட்டையை மாற்றவும் மோஷன் பிளஸைக் கொண்டுவரவும் வைத்தது இரண்டாம் வகையே. ஒரு புதிய கருவி வெளியாகும்போது படத் தெளிவின் எண்ணிக்கையைக் கேட்பதோடு, வாங்கிய கேம் பத்து ஆண்டுகள் கழித்தும் தம்மிடம் இருக்குமா என்பதையும் வாங்குபவர்கள் கேட்க வேண்டும் என்பதே வீயின் வரலாறு தரும் பாடம்.