தம்புள்ளை விலையும் தோட்டத்து விலையும்

"தம்புள்ளையில் வெங்காயம் கிலோ 200 ரூபாவாம், இங்கே வியாபாரி 120 ரூபாதான் தருகிறார்" என்று குறைப்படுபவர்கள் பலர். வியாபாரி ஏமாற்றுகிறாரா, நியாயமாகத்தான் கேட்கிறாரா என்பதை அறிய ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999 இல் தொடங்கப்பட்டது. வடக்கின் கமக்காரருக்கு அது நெடுநாள் எட்டாத சந்தையாகவே இருந்தது. ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. இடம்பெயர்ந்து, அறியாத ஊரில் குத்தகைக் காணியில் பயிர் செய்பவருக்குப் பழகிய வியாபாரியும் இல்லை, விலை கேட்க உறவினரும் இல்லை. தோட்டத்து வாசலில் லொறியோடு வந்தவர் சொன்னதே விலையாயிற்று.

இன்று கைத்தொலைபேசி உண்டு. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் முக்கிய சந்தைகளின் விலைகளைத் திரட்டி வெளியிடுகிறது. ஆனால் கேட்ட விலை மொத்த விலையா, சில்லறை விலையா, எந்த நாளுக்குரியது, எந்தத் தரத்துக்கு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சில்லறை விலையை வைத்து வியாபாரியோடு வாதாடிப் பயனில்லை.

இனிக் கணக்கு. தொகைகள் உதாரணத்துக்கு மாத்திரமே. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள். 50 கிலோ மூடை போய்ச் சேரும்போது காய்ந்து 48 கிலோ நிற்கும் என்று வைப்போம். 200 ரூபாப்படி 9,600 ரூபா. தரகு நூற்றுக்கு ஐந்து என்றால் 480, லொறிக் கூலி 600, ஏற்றி இறக்க 120, சாக்கு 150, மொத்தம் 1,350. மிகுதி 8,250. அதாவது தோட்டத்தில் கிலோ 165 ரூபா. வியாபாரி 155 தந்தால் அலைச்சல் இல்லாமல் கொடுத்துவிடலாம். 120 என்றால் மூடைக்கு 2,250 ரூபா உங்கள் கையை விட்டுப் போகிறது.

விலையைப் பிடுங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். கத்தரியும் வெண்டியும் பறித்த பின் காத்திருக்கமாட்டா. சின்ன வெங்காயத்தை நன்றாகக் காயவைத்து, பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தொங்கவிட்டால் சில வாரம் பொறுக்கலாம். ஆகவே விலைச் செய்தியால் கூடிய பயன் வெங்காயக்காரருக்கே. எல்லோரும் தனித்தனியே அழைக்கத் தேவையில்லை. நாலைந்து குடும்பத்துக்கு ஒருவர் இரண்டு சந்தைகளில் விசாரித்து, கடை வாசற் பலகையில் எழுதிவைத்தாற் போதும். நாலைந்து குடும்பத்து மூடைகள் ஒன்றாகச் சேர்ந்தால் லொறிக் கூலியும் குறையும்.

விதைக்கும் பசளைக்கும் வியாபாரியிடமே முற்பணம் வாங்கியவருக்கு இவ்வளவும் தெரிந்தும் வாய் திறக்க முடியாது. இதுதான் பெரிய சிக்கல். வேறு வழியில்லாமல் வாங்குவதானால், வாங்கும் அன்றே பேசுங்கள்: விற்கும் நாளில் தம்புள்ளை மொத்த விலையிலிருந்து கிலோவுக்கு இத்தனை ரூபா கழித்துத் தருவது என்று. கழிக்கும் தொகையை ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள்.