மூக்கடைப்பும் இதயத்தின் சுரப்பும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் தந்தையார் ஊரிலிருந்து வந்து, என்னுடன் பத்து நாள் தங்கியிருந்தார். பல ஆண்டுகளாகவே அவருக்குப் பீனிசம். ஒரு நாசியாவது எப்போதும் அடைத்திருக்கும். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவார். சர்க்கரை இல்லை, புராஸ்டேட்டிலும் கோளாறு இல்லை என்று ஊர் மருத்துவர் சொல்லிவிட்டார். உடலியல் படிக்கும் மகன் என்ற மிடுக்கில், "பொழுது சாய்ந்த பின் தண்ணீர் குடிக்காதீர்கள், அப்பா" என்று உபதேசம் செய்தேன். "அதை நிறுத்தி ஆறு மாசமாச்சு தம்பி" என்றார்.

அன்றிரவு உறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். குறட்டை ஓங்கும், திடீரென நிற்கும், மூச்சே இராது. பிறகு ஒரு திணறல், மீண்டும் குறட்டை. இப்படிப் பல தடவை ஆனபின் எழுந்து போவார். மூக்குக்கும் சிறுநீருக்கும் என்ன உறவு என்கிறீர்களா? நடுவில் நிற்பது இதயம்.

இதயம் குருதியை இறைக்கும் பம்பு என்று மட்டுமே பள்ளியில் படித்தோம். 1956-இல் புரூனோ கிஷ் என்பவர் கினிப்பன்றியின் இதய மேலறைத் தசையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது சிறு மணிகளைக் கண்டார். சுரப்பிகளில் இருக்கும் மணிகளை அவை ஒத்திருந்தன. தசைக்குள் அவற்றுக்கு என்ன வேலை? 1981-இல் கனடாவில் அடோல்போ டி போல்டும் அவருடைய குழுவினரும் எலியின் மேலறைத் தசையிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். சிறுநீர் 10 மடங்கு பெருகிற்று. அதில் வெளியேறிய சோடியமோ 30 மடங்குக்கும் மேல்! அச்சாற்றிலிருந்த ஹார்மோன் 28 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. ஏ.என்.பி. என்று சுருக்கமாகச் சொல்வர். மேலறைச் சுவர் விரிந்து இழுபட்டால் அது சுரக்கும். குருதி மிகுந்துவிட்டதென்று கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளை போகிறது.

என் தந்தையார் விஷயத்தில் இக்கட்டளை ஒரு பொய்ச் செய்தியின் பேரில் பிறக்கிறது. மூக்கு அடைத்தவர் வாயைத் திறந்து உறங்குவார். நாக்கு பின்னே சரிந்து தொண்டை குறுகும். உறக்கத்தில் தசைகள் தளரும்போது, சிலருக்குத் தொண்டை அறவே மூடிக்கொள்கிறது. மூடிய வழியை எதிர்த்து மார்பு இழுக்க இழுக்க, உள்ளே அழுத்தம் குறைந்து, குருதி இதயத்தின் வலப்புறத்தில் வந்து குவிகிறது. ஆக்ஸிஜன் குறைவால் நுரையீரலின் நாளங்கள் சுருங்க, அப்பக்கத்தின் சுமை இன்னும் ஏறுகிறது. மேலறை விரிகிறது, ஏ.என்.பி. சுரக்கிறது, சிறுநீர்ப்பை நிறைகிறது. பாவம், தண்ணீரைக் குறை சொல்லிவிட்டேன்!

இந்த ஹார்மோன் ஒவ்வாமையிலும் கை வைக்கக்கூடும். நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையை அது ஒவ்வாமையின் பக்கம் சாய்க்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களில் கண்டது; நோயாளியின் மூக்கிலும் அப்படியே நடக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது.

மூக்கைத் திறந்துவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம். பருத்த கழுத்தும் தாடையின் அமைப்பும் உடல் எடையும் சேர்ந்தே தொண்டையை அடைக்கின்றன. கவனியாது விட்டால் இரத்த அழுத்தமும் ஏறும். தந்தையாருக்கு உறக்கச் சோதனை செய்து, முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் கருவி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தொண்டை மூடாதிருந்தால் மேலறை இழுபடுவதில்லை. இப்போது இரவில் ஒரு முறைதான் எழுகிறாராம். கருவியின் இரைச்சல்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.