உடலோம்பலும் ஒரு கூட்டு விரதமே

ஆலய மலரில் உடற்பயிற்சிக்கும் உணவுக் கட்டுப்பாட்டிற்கும் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. உடலை முதலில் இழிவாக எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணலானதாகத் திருமூலர் கூறியிருக்கிறார். திருவள்ளுவரோ 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்து, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவருக்கு மருந்தே வேண்டுவதில்லை என்று அறிவுறுத்துகிறார். ஆகவே, உடலோம்பல் நம் சமயத்திற்குப் புதிதன்று.

2023-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் நோய் உள்ளது. பாதிக்கும் மேற்பட்டோர் இருக்க வேண்டியதைவிட அதிக எடையுடன் இருக்கின்றனர். பெரிய இனங்களை ஒப்பிடும்போது, இனிப்பு நீர் இந்தியரிடையேதான் அதிகம். இது நம் வீடுகளில் எல்லாரும் அறிந்ததே. எதைச் சாப்பிடக் கூடாது என்று தெரியாத இனிப்பு நீர் நோயாளி ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அறிவுரைக்குப் பஞ்சமில்லை, தொடங்குவோருக்கும் பஞ்சமில்லை. தொடர்வதுதான் அரிதாக இருக்கிறது. ஏன் என்பதை நான் கற்றுக்கொண்டது என்னுடைய இரண்டு தவறுகளிலிருந்துதான்.

ஒரு கரண்டிப் பாயசம்

நம் ஆலயச் செயலவையில் என்னோடு பல்லாண்டு பணியாற்றிய நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா நாளில் அன்னதானப் பந்தியில் நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் இலையருகே சென்றபோது, கையை இலைக்குமேல் குறுக்கே வைத்து, "பாயசம் வேண்டாம் வாத்தியாரே, டாக்டர் கண்டிச்சிருக்காரு" என்றார். நானோ, "அண்ணே, இது சாமி பிரசாதம், ஒண்ணும் செய்யாது. ஒரு கரண்டிதானே!" என்று கூறி ஊற்றிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உண்டார்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய இடக்காலின் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. இனிப்பு நீர் நீண்ட காலம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாத நரம்புகள் உணர்விழக்கும். இரத்த ஓட்டமும் குன்றும். புண் ஏற்பட்டால் வலி தெரியாது, ஆறவும் ஆறாது. அந்தப் புண் எங்கே, எப்போது பட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றபோது அந்தப் பாயசத்தை நினைவூட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "நீங்க ஒருத்தர்தானா வாத்தியாரே? கல்யாண வீட்டுல, பொறந்த நாளுல, கோயில்ல, எல்லா இடத்துலயும் ஆளுக்கு ஒரு கரண்டிதான் ஊத்துனாங்க."

ஒரு கரண்டிப் பாயசத்தால் விரல் போகாது என்பதை நான் அறிவேன். ஆனால் எல்லாருடைய ஒரு கரண்டியும் ஒரே இலையில்தான் விழுகிறது.

விரதம் கற்பிக்கும் பாடம்

அதன்பின் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தைப்பூசக் காவடிக்காக 48 நாள் விரதம் இருக்கும் இளைஞன் இறைச்சியை விடுகிறான், புகையை விடுகிறான், ஒரு வேளை உணவோடு நிற்கிறான். அதே இளைஞனால் மருத்துவர் சொன்ன உணவு முறையை ஏன் இரண்டு வாரம்கூடக் கடைப்பிடிக்க முடிவதில்லை? இடும்பன் பூசை முடிந்த மறுநாளே பழைய வழக்கம் திரும்பிவிடுகிறதே!

மன உறுதி இல்லை என்று கூற முடியாது. 48 நாள் இருந்த உறுதி ஒரே இரவில் எங்கே போகும்? பக்தி ஒரு காரணம், ஐயமில்லை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. விரதக்காரன் தனியாக விரதம் இருப்பதில்லை. அவனுக்காகத் தாய் சட்டி பானைகளைத் துலக்கி வைக்கிறாள். வீடு முழுவதும் சைவத்திற்கு மாறுகிறது. மாலையில் உடன் விரதம் இருப்போர் ஒன்றுகூடுகின்றனர். "ஒரு துண்டு இறைச்சிதானே, சாப்பிடு" என்று யாரும் அவனிடம் சொல்லத் துணிவதில்லை.

இனிப்பு நீருக்காக உணவைக் கட்டுப்படுத்துபவரின் நிலை வேறு. வீட்டில் எல்லாருக்கும் ஒரு சமையல், அவருக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி. கடையில் சீனி இல்லாத தேநீர் கேட்டால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அவர் விரதம் இருக்கிறார். சுற்றி இருப்பவர்கள் அதைக் கலைக்கிறார்கள். விரதத்திற்குத் துணை நிற்கத் தெரிந்த சமூகம் நாம். அந்தத் துணையை மருத்துவர் சொன்ன விரதத்திற்கும் கொடுத்தால் என்ன?

என் இரண்டாவது தவறு

2023-ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் ஒன்பது பேர் கொண்ட நடைக் குழு ஒன்றைத் தொடங்கினோம். வாரத்தில் ஐந்து நாள் காலையில் பினாங்கு தாவரவியல் பூங்காவில் அரை மணி நேர நடை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம். அந்தக் கணக்கு இதில் நிறைவேறிவிடும். மாதத்தில் ஒரு நாள், முட்டி வலி இல்லாதவர்கள் மட்டும் தண்ணீர்மலை முருகன் ஆலயத்தின் 513 படிகளில் ஏறி வழிபட்டு வருவோம். ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் நடந்து காத்திருப்பார்கள்.

முதல் மாதம் அனைவரும் ஆர்வத்தோடு வந்தனர். நான் பழைய ஆசிரியன் அல்லவா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒவ்வொருவரின் எடையையும் குறித்து வைத்தேன். மாத முடிவில் அனைவர் முன்னிலையிலும் அதை வாசித்தேன். எட்டுப் பேருக்கு எடை குறைந்திருந்தது. ஆலய மடப்பள்ளியில் தொண்டு செய்யும் அம்மையார் ஒருவருக்கு மட்டும் அரைக் கிலோ கூடியிருந்தது. மறுநாள் முதல் அவர் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரைச் சந்தித்துக் காரணம் கேட்டேன். "பள்ளிக்கூடத்துல மார்க்கு படிக்கிற மாதிரி படிச்சிட்டீங்க சார். சின்ன வயசுலயும் எனக்கு அதுதான் பயம்" என்றார். முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்தும், கடைசி மதிப்பெண் பெற்ற பிள்ளையின் மனத்தை நான் அன்றுதான் அறிந்தேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

அன்று முதல் நோட்டுப் புத்தகத்தில் எடையைக் குறிப்பதில்லை. யார் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்பது மட்டுமே குறிக்கப்படுகிறது. எடை கூடுவதும் குறைவதும் முழுவதும் நம் கையில் இல்லை. காலையில் எழுந்து காலணி அணிவது நம் கையில் இருக்கிறது. அம்மையார் திரும்பி வந்தார். இப்போது வருகையில் முதலிடம் அவருக்கே. அந்தப் புத்தகத்தைப் பராமரிப்பவர், கைத்தடியோடு மெதுவாக நடந்துவரும் என் பழைய நண்பர்.

துணை நிற்பது எவ்வாறு?

எங்கள் சிறு அனுபவத்தில் பயன் தந்த சிலவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, 'வேண்டாம்' என்பவரை வற்புறுத்தாதீர்கள். உபசரிப்பு நம் பண்பாடு என்பது உண்மை. ஆனால் விருந்தினரின் உடல் நலத்தை மதிப்பதும் உபசரிப்பே.

இரண்டாவது, தவறியவரை இடித்துரைக்காதீர்கள். தீபாவளிக்கு நான்கு முறுக்கு அதிகம் தின்றுவிட்டவர் அதனாலேயே எல்லாவற்றையும் கைவிடுவதில்லை. "இவ்வளவு நாள் இருந்து என்ன பயன்?" என்ற சொல்லைக் கேட்டுத்தான் கைவிடுகிறார். "நாளைக் காலையில் வருகிறீர்களா?" என்று கேட்டால் போதும்.

மூன்றாவது, வராதவரைத் தேடிச் செல்லுங்கள். எங்கள் குழுவில் இரண்டு நாள் தொடர்ந்து ஒருவர் வராவிட்டால் புலனத்தில் செய்தி அனுப்புவதோடு விடுவதில்லை. யாரேனும் ஒருவர் நேரில் செல்வார். பெரும்பாலும் சளி, பேரப்பிள்ளை, மழை என்று எளிய காரணமாகவே இருக்கும். தேடி வந்தார்கள் என்ற எண்ணமே மறுநாள் அவரை அழைத்து வந்துவிடும்.

நான்காவது, வீட்டில் அனைவரும் ஒரே உணவை உண்ணுங்கள். நம் சுகாதார அமைச்சு 'சுக்கு-சுக்கு செப்பாரோ' என்னும் எளிய அளவைச் சொல்லி வருகிறது. சுக்குக் காப்பி அன்று! மலாய் மொழியில் 'சுக்கு' என்றால் கால் பங்கு. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன் போன்ற புரத உணவு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். இது நோயாளிக்கு மட்டும் உரியதன்று, பேரப்பிள்ளைக்கும் ஏற்றது.

ஐந்தாவது, மருத்துவரை விட்டுவிடாதீர்கள். இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் உணவைத் திடீரெனக் குறைத்தாலோ முழு விரதம் இருந்தாலோ இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரக்கூடும். விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கலந்து பேசுவது அவசியம். ஆலயத்தில் வெறுங்காலோடு வலம் வந்தவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்க்கலாம். என் நண்பரின் பாதத்தை இப்போது அவர் பேத்திதான் இரவில் கைவிளக்கு வைத்துப் பார்க்கிறாள்.

உபயக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நன்கொடையாளர்கள் மனமுவந்து அளிக்கும் அன்னதானத்தால்தான் நம் ஆலயத்தில் எத்தனையோ பேர் பசியாறுகின்றனர். அந்தத் தருமத்திற்குக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள் உண்டு. பாயசம் இல்லாவிட்டால் உபயம் குறைவாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பாயசம் இருக்கட்டும்; கேட்பவருக்கு மட்டும் சிறு கிண்ணத்தில் வழங்கட்டும். சோறு ஒரு கரண்டி குறைந்து, காய்கறி ஒரு கரண்டி கூடட்டும். சிராப் தண்ணீருக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். சுண்டலும் பழமும் இறைவனுக்கு உகந்த நிவேதனங்களே.

அண்மையில் நம் ஆலயத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் உபயத்தை இவ்வாறு நடத்தினர். அன்றும் நான்தான் பரிமாறினேன். நண்பரின் இலையருகே சென்றபோது அவர் வழக்கம்போல் கையைக் குறுக்கே வைத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த இலைக்குச் சென்றேன். "நன்றி வாத்தியாரே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பரிமாறாமல் நான் பெற்ற முதல் நன்றி அதுவே.

நமக்குத் தெரிந்த ஒருவர் இன்று எங்கோ தனியாக இந்த விரதத்தை இருந்துகொண்டிருக்கிறார். அவருக்கு நாம் துணை நிற்போமாக. அனைவரும் நோயற்ற வாழ்வு பெற்று நெடுங்காலம் திருப்பணி செய்ய எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் பாலிப்பாராக.