நாற்பது வயதில் தெரியவரும் கவனக் குறைபாடு

நமது வணிகக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு பிள்ளை உண்டு. கடையை ஜோடித்தால் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பார். பெயர்ப்பலகைக்கு வாசகம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்வான். ஆனால் கொள்முதல் பில்லை எங்கே வைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. வசூலுக்கு அனுப்பினால் பாதி வழியில் வேறொரு வேலையில் இறங்கிவிடுவான். பொறுப்பில்லாதவன் என்று பட்டம் கட்டி, தம்பியிடம் கல்லாவைக் கொடுத்துவிடுகிறோம். அதோடு அண்ணன் தம்பி உறவும் கெடுகிறது.

இத்தகையோரில் சிலருக்கு இருப்பது சோம்பல் அல்ல, ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் நடித்த பகத் பாசில், 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் நடந்த ஒரு விழாவில், தமக்கு இந்தக் குறைபாடு இருப்பது 41 வயதில்தான் தெரிந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை பெயர் பெற்ற நடிகருக்கே அவ்வளவு தாமதம் என்றால், மளிகைக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இது நாற்பது வயதில் புதிதாக வருவதல்ல. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. எனவே மகனுக்கு என்று கேட்கப்போன தகப்பனார், தம் கதையையும் அங்கே கேட்டுவிட்டு வருவதுண்டு. உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிடித்த வேலையில் நேரம் போவதே தெரியாமல் மூழ்குவதும் இவர்கள் சுபாவம்தான். "அது மட்டும் எப்படி முடிகிறது?" என்று நாம் கோபிப்பது இதனால்தான். கவனம் இல்லாமலில்லை, வேண்டிய இடத்தில் அதை நிறுத்துவதுதான் சிரமம். இந்தக் குறைபாடு இருந்தாலே கலைஞன் என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். அதை நாம் ஏற்பதற்கில்லை.

நமது திருவக்கரையையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமி இரவில் வக்கிரகாளியம்மன் சந்நிதிக்கு ஜோதி தரிசனம் காணக் கூட்டம் திரளும். எலுமிச்சை, கற்பூரம், பூமாலை விற்கும் கடைக்காரர்களுக்கு அதுதான் அறுவடை நாள். நாம் சொல்லும் சுபாவமுள்ளவர் அதற்கு முந்தைய நாள் சாப்பாட்டையும் மறந்து உழைத்து, கடையை மின்ன வைத்துவிடுவார். மற்ற இருபத்தெட்டு நாளும் அதே ஆள் சிட்டையைத் தொடமாட்டார். கெடு தலைக்கு மேல் வந்தால்தான் இவர்களுக்கு வேலை ஓடும். தூரத்தில் உள்ள தேதி கண்ணுக்கே தெரியாது.

இங்கேதான் 'கோச்சிங்' என்னும் பயிற்சி உதவுகிறது. 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் எட்வர்ட் ஹாலோவெல், ஜான் ரேட்டி இருவரும் எழுதிய நூலின் வழியே இந்த யோசனை பரவியது. பயிற்சியாளர் வைத்தியம் செய்பவரல்ல. விளையாட்டு வீரனின் பக்கத்தில் நிற்பவரைப் போல, நாள்தோறும் சில நிமிடம் பேசி, இன்று என்ன வேலை, எப்போது தொடங்குவது, நேற்றையது என்ன ஆயிற்று என்று கேட்பவர். அந்த வேலையைக் கடையிலேயே நம்பிக்கையான ஒருவர் செய்யலாம். ஆனால் திட்டுகிறவர் ஆகாது. தகப்பனாரைவிட மாமனோ பழைய கணக்குப்பிள்ளையோ மேல் என்பது நமது அபிப்பிராயம்.

மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவருக்கு 3பி படிவத்தின் கடைசி நாள் 20-ஆம் தேதி. தவறினால் நாள்கணக்கில் தாமதக் கட்டணம். இவரிடம் "20-க்குள் முடி" என்று சொல்வதில் பயனில்லை. 5-ஆம் தேதி கொள்முதல் பில்கள் ஒரே டப்பாவில், 8-ஆம் தேதி விற்பனைக் கணக்கு, 12-ஆம் தேதி கணக்கரிடம் என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கல்லாவுக்கு எதிரே பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். முடிந்ததை அவரே அடிக்க வேண்டும். சிட்டை எழுதும்போது பக்கத்தில் இன்னொருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், இவருக்கு வேலை நகரும். வாய்ச்சொல்லாக மூன்று வேலையை ஒருசேர ஏவக் கூடாது. அலங்காரம், விளம்பரம், புதுச் சரக்கு தேடுவது ஆகியவற்றை இவரிடமும், பாக்கிக் கணக்கை மற்றவரிடமும் விடுவது வீட்டுக்கும் நல்லது, வியாபாரத்துக்கும் நல்லது.

தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களுக்கு முதலில் நிம்மதி வரும். பிறகு, இருபது வருஷம் திட்டு வாங்கியதை எண்ணி ஆத்திரமும் துக்கமும் வரும். அச்சமயம் வீட்டார் வாதாடாமல் கேட்டுக்கொள்வதே உத்தமம்.

ஆனால் நாமாகவே முத்திரை குத்திவிடலாகாது. தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியவற்றாலும் கவனம் சிதறும். இதைப் பிரித்தறிய மனநல மருத்துவர் வேண்டும். மருந்துகளும் உண்டு. அவற்றில் மெதில்பெனிடேட் என்பது எக்ஸ் அட்டவணையில் உள்ளது. சீட்டின் பிரதியை மருந்துக்கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டிய அளவுக்குக் கட்டுப்பாடு. யாரோ சாப்பிட்டார் என்று வாங்கிச் சாப்பிடக் கூடாது.

நமது பகுதி அன்பர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் பக்கம். நேரில் போகக் கூச்சப்படுபவர்கள் 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். போகும்போது பழைய பள்ளி மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லவும். சிறு வயதுச் சுபாவத்தை அறிந்த தாயாரோ அக்காவோ உடன் வந்தால் மருத்துவருக்குச் சௌகரியமாக இருக்கும்.