அடையாற்றின் நீரோட்ட மாற்றமும் நன்னீர்ச் சூழலும்

முன்னுரை

ஆற்றின் நலம் பெரும்பாலும் நீரின் தூய்மையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. நீர் எப்போது, எவ்வளவு, எவ்வளவு காலம், எத்தனை முறை, எத்துணை விரைவாக ஏறி இறங்குகிறது என்பனவும் உயிரினங்களின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. 1997இல் லெராய் பாஃப் முதலியோர் இவ்வைந்து கூறுகளையும் 'இயற்கை நீரோட்ட ஒழுங்கு' எனத் தொகுத்துரைத்தனர். இவ்வொழுங்கு குலைந்த நிலையை அடையாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பருவ ஆறும் ஏரிகளும்

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. ஆகவே அடையாறு இயல்பில் ஒரு பருவ ஆறு. வெள்ளத்தை ஏரிகள் தேக்கிச் சிறிது சிறிதாக ஆற்றுக்கு அளித்தன. கோடம்பாக்கத்தை அடுத்து, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த ஏரி அவற்றுள் ஒன்று. 1920களில் தொடங்கி அதன் படுகை தியாகராய நகர் முதலிய குடியிருப்புகளாயிற்று. மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலை இன்று பெயரளவில் மட்டுமே அதற்குச் சான்று. தேங்க இடமிழந்த மழைநீர், மாம்பலம் கால்வாய் போன்ற வடிகால்களின் வழியே விரைந்து ஆற்றை அடைகிறது. இதனால் வெள்ளத்தின் உச்சம் உயர்கிறது. அதன் கால அளவு சுருங்குகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில், பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீரும் சேர்ந்தபோது, கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின.

உயிரினங்களின் மீதான விளைவு

கெண்டை, கெளுத்தி போன்றவை புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறி, ஆழமற்ற நீர்நிலைகளில் முட்டையிடும் இயல்பின. ஏரிக்கும் ஆற்றுக்கும் தொடர்பு அறுந்தால் அவ்வழி அடைபடுகிறது. விரைந்த வெள்ளமோ குஞ்சுகளையும் படுகையின் சிற்றுயிர்களையும் அடித்துச் செல்கிறது.

கோடையில் நிலைமை தலைகீழாகிறது. வறண்டு குட்டைகளாகச் சுருங்க வேண்டிய ஆற்றில் கழிவுநீர் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. அதன் கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. காற்றையும் சுவாசிக்கும் விரால் போன்ற சில மீன்களும் சேற்றுப்புழுக்களுமே அங்குத் தாக்குப்பிடிக்கின்றன. ஊட்டம் மிகுந்த தேங்குநீரில் ஆகாயத்தாமரை செழிக்கிறது. முகத்துவாரத்திலும் இதன் விளைவு தெரிகிறது. நன்னீரின் உந்துதல் குறைந்த மாதங்களில் அலைகள் கொணரும் மணல் வாயை அடைக்க, கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையே மடவை போன்ற மீன்களின் போக்குவரத்து தடைபடுகிறது.

முடிவுரை

கழிவுநீரைத் தடுப்பது இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. கழிவுநீர் முற்றிலும் நின்றாலும், வெள்ளத்தைத் தாங்கும் ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் மீளாவிடில் ஆறு மழைக்காலத்தில் வடிகாலாகவும் கோடையில் வெறும் மணற்படுகையாகவுமே எஞ்சும். எனவே சீரமைப்புத் திட்டங்கள் நீரின் தரத்தோடு, மாதவாரியாக ஆற்றில் ஓட வேண்டிய நீரின் அளவையும் வரையறுத்தல் வேண்டும்.